ஜான் வான் நியூமன்: முகவரியை எண்ணாக்கிய மேதை

கணிப்பொறிக் கலை பயிலும் நம் மாணவ நண்பர்கள், சி என்னும் மொழியைக் கற்கத் தொடங்கிய சில திங்களுள் ஒரு மேட்டை அடைவர். அதுவரை எளிதாக நடந்து வந்தோரும் ஆண்டுச் சற்றே கால் தடுமாறுவர். அம்மேட்டிற்குச் சுட்டு என்பது பெயர். பாயிண்டர் என்று பலரும் வழங்குவர். அதன் பக்கத்திலேயே அணி என்பதும், அணியின் உறுப்புக்களை எண்ணிட்டு அழைக்கும் முறையும் நிற்கின்றன. முதல் உறுப்பிற்குப் பூச்சியம் என்று எண்ணிடுவது ஏன்? அணியின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அதன் இருப்பிடம் விடையாக வருவது ஏன்? இருப்பிடம் என்பது ஓர் இடமாயிருக்க, அதனோடு எண்ணைக் கூட்டுதல் யாங்ஙனம் பொருந்தும்?

இவ்வினாக்களுக்கு விடையளிக்கும் நூல்கள் பல உள. எனினும், இவற்றின் வேர் எங்குள்ளது என்று தேடிச் செல்வோர், சி மொழி பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டுகட்கு முன்னரே மண்ணுலகை நீத்த ஒரு பேரறிஞரின் வாழ்க்கையைச் சென்றடைவர். அவரே ஜான் வான் நியூமன். தமிழ் பயிலும் எமக்கு அவர்பால் ஆர்வம் பிறந்ததற்குக் காரணம், பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு பற்றி நம் இலக்கண நூலார் ஆராய்ந்த செய்திகள் அவர் வகுத்த பொறியினுள்ளும் நிகழக் கண்டமையே. அவர் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டுக் கூறுவாம்.

பிறப்பும் இளமையும்

ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில், 1903-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள், செல்வ வளம் மிக்க ஒரு யூதக் குடும்பத்தில் நியூமன் தோன்றினார். தந்தையார் மிக்ஸா வங்கித் தொழிலில் உயர்ந்தவர். அன்னையார் பெயர் மார்கிட். ஆண்மக்கள் மூவருள் இவரே மூத்தவர். பெற்றோர் இட்ட பெயர் யானோஷ் என்பது. ஜெர்மனியில் அது யோஹான் ஆகி, அமெரிக்காவில் ஜான் ஆயிற்று. 1913-இல் அரசர் தந்தையாருக்குக் குடிப்பெருமை அளித்தார். பெயரின் நடுவில் நிற்கும் வான் என்னும் அடைமொழி அப்பெருமையின் அடையாளமாகும்.

இளமையிலேயே இவருடைய நினைவாற்றல் கண்டோரை வியப்பில் ஆழ்த்தியது. எட்டிலக்க எண்ணை எட்டிலக்க எண்ணால் மனத்திலேயே வகுப்பார் என்றும், தொலைபேசிப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு அதிலுள்ள பெயர்களையும் எண்களையும் ஒப்பிப்பார் என்றும் கூறுவர். இவற்றுள் எத்துணை உண்மை, எத்துணை அன்பினால் வளர்ந்தது என்று பகுத்துரைத்தல் அரிது. ஆயினும், படித்த நூலைப் பல்லாண்டு கழித்தும் சொற்பிறழாது கூறும் வன்மை அவர்க்கு இருந்தது என்பதற்கு உடன் பணியாற்றிய பலர் சான்றாவர்.

புடாபெஸ்டில் லுத்தர் திருச்சபையார் நடத்திய உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். ஆண்டுக் கணித ஆசிரியராயிருந்த லாஸ்லோ ராட்ஸ் என்பார், இம்மாணவனுக்குத் தாம் கற்பிக்கத் தக்கது போதாது என்று உணர்ந்து, தந்தையாரை அணுகிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வழிச் சிறப்புப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். தம்மினும் மிக்க மாணாக்கனைக் கண்டு மகிழும் ஆசிரியர் உலகிற்கு எத்துணை இன்றியமையாதவர் என்பது இதனால் விளங்கும். பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற யூஜின் விக்னர் அதே பள்ளியில் இவருக்கு ஓராண்டு மேல் வகுப்பிற் பயின்றார்.

கணிதத்தால் வயிறு நிறையாது என்று தந்தையார் அஞ்சினார். மகனோ கணிதத்தை விடத் துணியவில்லை. ஆகவே, சூரிச் நகரில் வேதிப் பொறியியலும், புடாபெஸ்டில் கணிதமும் ஒருங்கே பயில்வதென்று முடிவாயிற்று. 1926-இல் இரண்டிலும் பட்டம் பெற்றார்.

பத்தொன்பதாம் அகவையிற் செய்த பணி

பட்டம் பெறுவதற்கு முன்னரே, 1923-இல், தம் பத்தொன்பதாம் வயதில் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை கணித உலகில் நிலைபெற்றது. எண் என்பது யாது என்னும் பழைய வினாவிற்கு அவர் ஒரு புதிய விடை கண்டார். ஒன்றுமில்லாத வெறுந் தொகுதியே பூச்சியம். பூச்சியம் ஒன்றையே உறுப்பாகக் கொண்ட தொகுதி ஒன்று. பூச்சியமும் ஒன்றும் அடங்கிய தொகுதி இரண்டு. இவ்வாறே ஒவ்வோர் எண்ணும் தனக்கு முற்பட்ட எண்கள் யாவற்றின் தொகுதியாம். ஐந்து என்பது பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்னும் ஐந்தன் கூட்டம்.

சி மொழியில் ஐந்து உறுப்புடைய அணியை அமைத்தால், அவ்வுறுப்புக்களின் வரிசையெண்கள் பூச்சியம் முதல் நான்கு முடியவே அமையும். ஐந்து என்னும் எண் அளவைக் குறிக்குமேயன்றி எந்த உறுப்பையும் குறியாது. இளம் நியூமன் கண்ட எண்ணின் வடிவமும் இவ்வணியின் வடிவமும் ஒன்றாயிருத்தல் காண்க. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நாம் கூறவில்லை. சி மொழியில் இம்முறை வந்ததற்குக் காரணம் வேறு. அதனைப் பின்னர்க் காண்போம். ஆயினும், பூச்சியத்திலிருந்து எண்ணுதல் பொறியாளரின் மனம்போன போக்கன்று என்பதற்கு இவ்வொற்றுமை போதிய சான்று.

புகழ் வளர்ந்த காலம்

ஜெர்மனியில் கோட்டிங்கென் நகரில் முதுபெருங் கணிதப் பேராசிரியர் ஹில்பெர்ட்டிடமும், பின்னர்ப் பெர்லினிலும் பணியாற்றிய ஆண்டுகளில் அவர் புகழ் பெருகியது. 1928-இல் விளையாட்டுக்களின் கணிதத்திற்கு அடிகோலினார். 1932-இல் குவாண்டம் இயற்பியலின் கணித அடிப்படை பற்றிய நூலை வெளியிட்டார்.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று அவர் பண்பை விளக்கும். 1930-ஆம் ஆண்டு கோனிக்ஸ்பெர்க் நகரில் நிகழ்ந்த கூட்டத்தில், குர்த் கோடெல் என்னும் இளைஞர், கணித நெறியுள் நின்றே மெய்ப்பிக்கவொண்ணாத உண்மைகள் உள என்று அறிவித்தார். அதன் பெருமையை உடனே உணர்ந்தோருள் நியூமன் தலையாயவர். சில வாரங்களில் அதிலிருந்து மற்றொரு பேருண்மையைத் தாமே வருவித்துக் கோடெலுக்கு எழுதினார். கோடெலோ அதனையும் முன்னரே கண்டு அச்சிற்கு அனுப்பியிருந்தார். அதனை அறிந்ததும் நியூமன் தம் ஆராய்ச்சியை வெளியிடாது விடுத்து, முழுப்புகழையும் அவருக்கே உரியதாக்கினார். இச்செய்தியை நண்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்; பின்னர் இதற்கு மாறாக எழுந்த ஒரு வழக்கையும் நாம் காணவிருக்கின்றோம்.

1930-இல் அவர் மரியெட்டா என்னும் நங்கையை மணந்தார். அம்மணத்தையொட்டிக் கத்தோலிக்கத் திருமுழுக்கும் பெற்றார். அவ்வாண்டே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற்கு அழைக்கப்பெற்று அமெரிக்கா சென்றார். 1933-இல் அந்நகரில் அமைந்த உயர்நிலை ஆராய்ச்சி நிலையத்தில், ஐன்ஸ்டைன் முதலானோருடன் பேராசிரியராயினார். அவ்வாண்டிலேயே ஜெர்மனியில் யூதர் மீது கொடுமை தலைவிரித்தாடத் தொடங்கியது. 1935-இல் மரினா என்னும் மகள் பிறந்தாள். 1937-இல் முதல் மணம் முறிந்தது. 1938-இல் கிளாரா டான் என்பவரை மணந்தார். இக்கிளாரா அம்மையார் பின்னாளில் பொறிக்கு நிரல் எழுதிய முன்னோடிகளுள் ஒருவராகத் திகழ்ந்தார்.

போரும் கணக்கும்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1943 முதல் நியூமன் லாஸ் அலமாஸில் அணுகுண்டுப் பணிக்கு ஆலோசகராயினார். புளுட்டோனியக் கோளத்தை நாற்புறமும் ஒரே கணத்தில் உள்நோக்கி அழுத்தும் வெடிமுறைக்கு அவருடைய கணக்குகள் பெரிதும் துணைபுரிந்தன. 1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் நாகசாகி நகரை அழித்தது அவ்வகைக் குண்டே. குண்டு வீசற்குரிய நகரங்களை ஆராய்ந்த குழுவிலும் அவர் இருந்தார். அவரது வாழ்க்கையை எழுதுவோர் இதனை மறைத்துச் செல்லுதல் முறையன்று. அவர் அறிவு உலகிற்கு அளித்த நன்மையையும், அவ்வறிவு துணைபோன அழிவையும் ஒரே கையாலேயே எழுதுதல் வேண்டும்.

அக்கணக்குகள் கையாற் செய்து முடிக்கவொண்ணாதன. ஆகவே விரைந்து கணக்கிடும் பொறியை அவர் நாடினார். 1944-ஆம் ஆண்டு கோடையில், அபர்டீன் புகைவண்டி நிலைய மேடையில், படைத்துறையைச் சேர்ந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்பார் அவரைக் கண்டு, பிலடெல்பியாவில் உருவாகிவரும் எனியாக் என்னும் பொறியைப் பற்றிக் கூறினார். அதனை அமைத்தோர் எக்கெர்ட், மாக்லி என்னும் இருவர். ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அப்பொறி மின்னல் விரைவிற் கணக்கிடும். எனினும் அதன் நினைவில் இருபது எண்களே தங்கும். ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்கு மாறவேண்டுமாயின், கம்பிகளைப் பிடுங்கி வேறிடங்களிற் செருகியும், திருகு விசைகளை மாற்றியும் நாட்கணக்கில் உழைத்தல் வேண்டும். கணக்கிடுதற்கு நொடிகள், ஆணையிடுதற்கு நாட்கள். இக்குறையைத் தீர்க்கும் வழியைப் பற்றி அவர்கள் யாவரும் கூடி ஆராய்ந்தனர்.

அறைகளும் முகவரிகளும்

அவ்வாராய்ச்சியின் பயனை நியூமன் எழுத்தில் வடித்தார். 1945 ஜூன் 30 என்று நாளிட்ட 101 பக்க அறிக்கை அது. எட்வாக் என்னும் அடுத்த பொறியைப் பற்றிய முதல் வரைவு என்பது அதன் பெயர். அதன் உயிர்நாடியான கருத்தைப் பின்வருமாறு விளக்கலாம்.

நினைவகத்தை ஒரு நீண்ட தெருவாகக் கொள்க. அதில் ஒரே அளவான அறைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு. அதுவே அதன் முகவரி. அறையினுள்ளே இருப்பதும் ஓர் எண்ணே. கூட்டவேண்டிய எண்ணும் அதனுள் இருக்கலாம். கூட்டு என்னும் ஆணையும் எண் வடிவில் அதனுள் இருக்கலாம். ஆணை என்பது இரு பகுதியுடையது. செய்யவேண்டிய தொழில் ஒரு பகுதி. அத்தொழிலுக்குரிய பொருள் உறையும் அறையின் முகவரி மற்றொரு பகுதி. ஆகவே முகவரியும் எண்ணாய், எண்களோடு எண்ணாக அறையினுள் அமர்ந்துவிட்டது. எண்ணைக் கூட்டவும் கழிக்கவும் வல்ல பொறி, இனி முகவரியையும் கூட்டவும் கழிக்கவும் வல்லதாயிற்று.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். 500-ஆம் அறை முதல் 599-ஆம் அறை வரை நூறு எண்கள் உள்ளன, அவற்றைக் கூட்டவேண்டும். ஒவ்வோர் எண்ணிற்கும் ஓர் ஆணை எழுதின் நூறு ஆணைகள் வேண்டும். நியூமன் காட்டிய வழியிலோ ஓர் ஆணையே போதும். 500-ஆம் அறையில் உள்ளதைக் கூட்டு என்பது அவ்வாணை. அது நிறைவேறியதும், அவ்வாணையின் முகவரிப் பகுதியோடு பொறியே ஒன்றைக் கூட்டும். ஆணை இப்பொழுது 501-ஐச் சுட்டும். இவ்வாறு நூறு முறை சுழன்றால் வேலை முடிந்தது. ஆணை தன்னைத் தானே திருத்திக்கொண்டு தெரு முழுதும் நடந்துவிடுகின்றது.

இம்முறையில் ஓர் இடரும் உண்டு என்பதை அவர் அறியாமலில்லை. எண்ணும் ஆணையும் ஒரே வகை அறையில் உறைவதால் ஒன்றை மற்றொன்றாக மயங்கக்கூடும். ஆகவே தம் வரைவில் ஒவ்வோர் அறையின் முதல் இலக்கத்தையும் அடையாளமாக்கினார். அது பூச்சியமாயின் உள்ளிருப்பது எண், ஒன்றாயின் ஆணை. ஆணையுள்ள அறையில் எண்ணை எழுதினால் முகவரிப் பகுதி மாத்திரமே மாறும், தொழிற்பகுதி மாறாது. அவ்வாண்டிலேயே, வரிசைப்படுத்திய இரு தொகுதிகளை ஒன்றாக இணைத்து மேலும் வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றையும் எழுதிப் பார்த்தார். அவ்வகைப் பொறிக்கு எழுதப்பெற்று இன்று நமக்குக் கிடைத்துள்ள நிரல்களுள் அதுவே மிகப் பழையது.

பெயரைப் பற்றிய வழக்கு

முதல் வரைவின் முகப்பில் நியூமன் பெயர் ஒன்றே இருந்தது. கோல்ட்ஸ்டைன் அதனைப் படியெடுத்துப் பலருக்கும் அனுப்பினார். எக்கெர்ட், மாக்லி இருவரும் மனம் நொந்தனர். ஆணைகளை நினைவகத்தில் வைத்தல் பற்றித் தாங்கள் நியூமன் வருமுன்னரே எண்ணியிருந்ததாக அவர்கள் கூறினர். நியூமன் சார்பிற் பேசுவோர், அது முற்றுப்பெறாத வரைவு என்றும், அவர் அதனை இவ்வாறு பரப்பக் கருதவில்லை என்றும் கூறுவர். காப்புரிமை பற்றிய பூசலால் அவ்விருவரும் 1946-இல் தம் பதவியை விட்டு விலகினர். 1973-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று எனியாக்கின் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தபொழுது, இவ்வரைவு முன்னரே வெளிப்பட்டதையும் காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது.

இன்றும் நூல்கள் இவ்வமைப்பை வான் நியூமன் அமைப்பு என்றே குறிக்கின்றன. கோடெலின் புகழில் ஒரு துரும்பையும் தொடாத மனிதர், இவ்விருவர் பெயரையும் வரைவிற் சேர்த்திருப்பாராயின் அவர் புகழ் சிறிதும் குறைந்திராது. கருத்துக்குத் தெளிந்த வடிவம் தந்தவர் அவர் என்பதில் ஐயமில்லை. அக்கருத்து அவர் ஒருவருடையதன்று என்பதிலும் ஐயமில்லை.

பிரின்ஸ்டன் பொறி

போர் முடிந்தபின் தம் ஆராய்ச்சி நிலையத்திலேயே ஒரு பொறி அமைக்க நியூமன் முனைந்தார். கருத்தையன்றி எதனையும் கையாளாத அந்நிலையத்தில் பற்றவைக்கும் கருவிகளும் கம்பிகளும் நுழைவதைச் சிலர் விரும்பவில்லை. ஜூலியன் பிகலோ என்னும் பொறியாளரின் தலைமையில் வேலை நடந்து, 1952 ஜூன் திங்களில் பொறி முறைப்படி தொடங்கப்பெற்றது. அதன் நினைவகத்தில் 1,024 அறைகள். அறை ஒன்றுக்கு 40 இலக்கங்கள். இன்றைய அளவையிற் கூறின் அனைத்தும் சேர்ந்து ஐந்து கிலோபைட்டு ஆகும். கைப்பேசியிலுள்ள ஒரு சிறு நிழற்படமும் அதில் அடங்காது. அவ்வறைகளைக் கொண்டே வானிலைக் கணிப்பும், ஹைட்ரஜன் குண்டின் கணக்கும் நிகழ்ந்தன. பொறியின் அமைப்பை அவரும் அவர் குழுவினரும் மறைக்கவில்லை. அறிக்கைகள் யாவர்க்கும் கிடைத்தமையால், பல நாடுகளில் அதன் வழிப் பொறிகள் எழுந்தன.

ஆணையைத் திருத்தி அணியில் நடக்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஒரு மாற்று எழுந்தது. 1949-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பொறியில், ஆணையைத் தொடாமலே, தனியே வைத்த ஓர் எண்ணை அதன் முகவரியோடு கூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டை அமைத்தனர். தொடக்க முகவரி ஒன்று. அதிலிருந்து தூரம் ஒன்று. இரண்டன் கூட்டே வேண்டிய இடம். அணியை எண்ணிட்டு அழைக்கும் முறை இதனால் தூய்மை பெற்றது.

சி மொழியில் அவர் கருத்து

நியூமன் மறைந்தபின் இக்கருத்து மொழிகளுக்குள் புகுந்தது. 1967-இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் அமைத்த பி.சி.பி.எல். என்னும் மொழியில், அறையில் இருப்பது எண்ணா முகவரியா என்ற பாகுபாடே இல்லை. அதிலிருந்து கென் தாம்சன் பி என்னும் மொழியை அமைத்தார். அதிலிருந்து, 1972-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கினார்.

சி மொழியிற் சுட்டு என்பது முகவரியைத் தன்னுள் வைத்திருக்கும் ஓர் அறை, வேறொன்றுமன்று. அது, இது என்னும் சுட்டுப்பெயர்கள் தாமே பொருளாகாமல் பொருளைக் காட்டுமாறு போல, இதுவும் வேறோர் அறையைக் காட்டும். சுட்டின் முன் உடுக்குறி இட்டால் அது காட்டும் அறையினுள் உள்ள பொருள் கிடைக்கும்.

இனி, ம என்னும் அணியில் மாணவர் ஐவரின் மதிப்பெண்கள் உள்ளன என்க. ஒவ்வோர் எண்ணும் நான்கு பைட்டு இடம் கொள்ளும். முதலெண் 1000 என்னும் முகவரியில் உள்ளதாயின், அடுத்தவை 1004, 1008, 1012, 1016 என்னும் முகவரிகளில் அமையும். நாம் ம[3] என்று எழுதினால், சி அதனை *(ம + 3) என்றே கொள்ளும். ம என்னும் பெயர் அவ்விடத்தில் 1000 என்னும் முகவரியாகும். அதனோடு மூன்றைக் கூட்டுகையில், 1003 என்று கொள்ளாது, மூன்று உறுப்புக்களின் தூரமாகிய பன்னிரண்டைக் கூட்டி 1012-ஐ அடையும். சுட்டின் வகையை அறிந்திருத்தலால் இப்பெருக்கலைச் சி தானே செய்துகொள்ளும். கூட்டலில் முன்பின் மாற்றினாலும் விடை ஒன்றாதலின் 3[ம] என்று எழுதினும் சி மறுக்காது. கண்டோர் நகைப்பர், அவ்வளவே.

முதல் உறுப்பிற்குப் பூச்சியம் வருவதன் காரணம் இப்பொழுது வெளிப்படை. வரிசையெண் உறுப்பின் எண்ணிக்கையைக் குறிப்பதன்று. தொடக்கத்திலிருந்து உள்ள தூரத்தைக் குறிப்பது. தெருவின் முதல் வீட்டிற்கும் தெருத் தொடக்கத்திற்கும் உள்ள தூரம் பூச்சியமே.

அணியின் பெயர் இடத்தைக் குறித்து நிற்றலும் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. பாலை இறக்கு என்றால், பால் என்னும் பொருட்பெயர் அஃது உறையும் கலத்திற்கு ஆகி வருகின்றது. இதனைத் தானியாகுபெயர் என்பர். பொருள்களின் பெயராகிய ம, அவை உறையும் இடத்தின் முகவரிக்கு ஆகி வருதலும் அத்தகையதே. ஆயினும் ஆகுபெயர் எல்லாவிடத்தும் வாராது. ம என்பதன் மொத்த அளவை அறிய வினவினால், சி முகவரியின் அளவைக் கூறாது, அணி முழுவதன் அளவாகிய இருபது பைட்டையே கூறும். அணி வேறு, சுட்டு வேறு. பெரும்பான்மை இடங்களில் அணியின் பெயர் சுட்டாக மாறி நிற்கின்றது. பி மொழியில் அணிக்கென ஒரு சுட்டு தனி அறையில் உறைந்தது. ரிச்சி அவ்வறையை நீக்கி, பெயர் வரும்பொழுது முகவரியாக மாறுமாறு செய்தார். சி மொழியின் தனித்தன்மைகளுள் இது தலையாயது.

எல்லை கடந்தவிடத்து

இம்முறையின் எளிமையிலேயே தீங்கும் உறைகின்றது. ம[7] என்று எழுதினால் சி தடுப்பதில்லை. 1028 என்னும் முகவரிக்குச் சென்று ஆண்டு யாது உளதோ அதனை எடுக்க முயலும். அணியின் முகவரியைப் பிறிதொரு செயற்கூற்றுக்கு அனுப்பினால், முகவரி செல்லுமேயன்றி அளவு உடன் செல்லாது. எல்லையைக் காத்தல் நிரல் எழுதுவோர் கடன்.

அக்கடன் தவறியதால் 1988 நவம்பர் 2-ஆம் நாள் ஒரு பெருந்தொல்லை நேர்ந்தது. இணைப்புற்ற கணிப்பொறிகளில் தானே பரவும் நிரல் ஒன்று அன்று புறப்பட்டது. அது கைக்கொண்ட வழிகளுள் ஒன்று பின்வருவது. ஒரு பணி நிரல் 512 பைட்டு இடமுள்ள அணியில் வெளியிலிருந்து வரும் எழுத்துக்களைப் பெற்றது, அளவைச் சோதிக்கவில்லை. அதற்கு 536 பைட்டு அனுப்பப்பெற்றது. மிகுந்தவை அணிக்கு அப்பாலும் வழிந்து, வேலை முடிந்தபின் பொறி திரும்பவேண்டிய இடத்தின் முகவரி எழுதியிருந்த அறையை அழித்து, வேறொரு முகவரியை அதில் இட்டன. பொறி ஐயுறாது ஆண்டுச் சென்று, வந்த எழுத்துக்களையே ஆணைகளாகக் கொண்டு நிறைவேற்றியது. எண்ணும் ஆணையும் மயங்கும் என்று நியூமன் 1945-இல் அஞ்சி அடையாளமிட்டதை இவ்விடத்து நினைத்தல் தகும். அளவு கேளாமல் எழுத்துக்களைப் பெறும் அந்தச் செயற்கூறு 2011-இல் சி மொழியின் தரநூலிலிருந்து நீக்கப்பெற்றது.

இறுதி நாட்கள்

1955-இல் நியூமன் அமெரிக்க அணுவாற்றல் ஆணையத்தின் உறுப்பினராயினார். அவ்வாண்டிலேயே புற்றுநோய் அவர் எலும்பிற் காணப்பெற்றது. 1956-இல் சக்கர நாற்காலியில் அமர்ந்தே குடியரசுத் தலைவர் ஐசனோவரிடம் பதக்கம் பெற்றார். பின்னர் வாஷிங்டனில் இருந்த வால்ட்டர் ரீட் படை மருத்துவமனையிற் கிடந்தார். நோயின் மயக்கத்தில் நாட்டின் மறைபொருள்கள் வெளிப்படாவண்ணம் படைவீரர் காவல் இருந்தனர். வாழ்நாளிற் சமயத்தைப் பெரிதும் கருதாத அவர், இறுதியிற் கத்தோலிக்கக் குரு ஒருவரை அழைப்பித்தார். ஆயினும் சாவின் அச்சம் அவரை விட்டு நீங்கவில்லை என்பர்.

உலகமே வியந்த அறிவு அந்நாட்களில் சிறிது சிறிதாகக் குன்றியது. ஏழும் நான்கும் எத்தனை என்பது போன்ற எளிய கணக்குகளைத் தம்மிடம் கேட்குமாறு அவர் மகளை வேண்டினார் என்றும், சிறிது நேரம் கேட்ட மகள் அதற்குமேற் பொறுக்கமாட்டாமல் அறையை விட்டு வெளியேறினார் என்றும் அம்மகளே பிற்காலத்திற் கூறியுள்ளார். எட்டிலக்க எண்களை மனத்தில் வகுத்த சிறுவனின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது கண்ணீரை வரவழைக்கும். 1957 பிப்ரவரி 8-ஆம் நாள், தம் ஐம்பத்துமூன்றாம் வயதில் நியூமன் உயிர் நீத்தார். கணிப்பொறியையும் மனித மூளையையும் ஒப்பிட்டு அவர் எழுதத் தொடங்கிய சொற்பொழிவுகள் முற்றுப்பெறவில்லை. கிளாரா அம்மையாரின் முன்னுரையோடு 1958-இல் அவை நூலாக வந்தன.

சுட்டும் பொருளும் வேறு என்பதே சி மொழி கற்பிக்கும் முதற் பாடம். வான் நியூமன் என்னும் பெயரும் இன்று ஒரு சுட்டாகவே வழங்குகின்றது. அதனைத் தொடர்ந்து செல்வோர் ஒரு மேதையைக் காண்பர். அவரோடு எக்கெர்ட், மாக்லி, கோல்ட்ஸ்டைன், பிகலோ, கிளாரா முதலிய பலரையும் காண்பர். அதன் எல்லைக்கு அப்பால் நாகசாகியின் சாம்பலையும் காண்பர். பெயரோடு நின்றுவிடாது, அது காட்டும் இடம்வரை சென்று, ஆண்டு உள்ளது யாது என்று தாமே பார்த்தறிதல் கற்போர் கடமையாகும். நிரல் எழுதுவோர்க்கும் நூல் ஓதுவோர்க்கும் இக்கடமை ஒன்றே.